2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் சேமிப்புக்கு என்ன நடந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் 2022இல் ரூபாய் சரிந்த நாள் தொடக்கம், நிலையான வைப்பு, திறைசேரி உண்டியல், சேமலாப நிதி, பங்கு, டொலர், தங்கம் என்று ஏதோ ஒன்றில் காசு வைத்திருந்தவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பணவீக்கம், டொலர் விலை, பங்குச் சுட்டெண் எல்லாம் வெளியான எண்கள். வைப்பு வட்டி மட்டும் வங்கிக்கு வங்கி வேறுபட்டதால், அந்தந்தக் காலத்துக்குப் பொருந்தும் ஒரு வீதத்தை உதாரணத்துக்கு எடுத்திருக்கிறோம். உங்கள் வைப்புச் சான்றிதழில் உள்ள வீதத்தைப் போட்டால் உங்கள் கணக்கு வரும்.

1. வங்கியில போட்ட பத்து இலட்சமும் அப்பிடியே இருக்கு, வட்டியும் ஒழுங்கா வந்தது. பிறகென்ன நட்டம் எண்டு சொல்லுறியள்?

வங்கிப் புத்தகத்தில் நட்டம் தெரியாது, கடைக்குப் போனால்தான் தெரியும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 டிசம்பரில் பணவீக்கம் 57.2%. அதாவது 2021 டிசம்பரில் 10 இலட்சத்துக்கு வாங்கிய அதே சாமான்களை ஒரு வருடம் கழித்து வாங்க 15 இலட்சத்து 72 ஆயிரம் வேண்டும். உங்களிடம் இருந்ததோ 10 இலட்சமும் அதற்கு வந்த வட்டியும். அந்த இடைவெளிதான் நட்டம்.

2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8% வரை போனது, உணவுப் பொருட்களில் 94.9%. 2023 செப்டம்பரில் அது 1.3%க்கு இறங்கியதும் "எல்லாம் பழையபடி வந்திட்டுது" என்று பலர் நினைத்தார்கள். பணவீக்கம் இறங்கினால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. விலை ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்றது. இதற்குப் பின் வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு விடயத்தில்தான் நிற்கின்றன.

2. அந்த வருசம் என்னென்ன நடந்தது எண்டு ஒழுங்கா ஒருக்காச் சொல்லுங்கோ. எனக்கு எல்லாம் குழம்பிப் போச்சு.

2022 மார்ச் 7 வரை டொலர் 200 ரூபாய் அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. அன்று பிடி தளர்த்தப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாய். ஏப்ரல் 8இல் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை அரசு நிறுத்தியது. 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

2023 ஜூன் தொடக்கம் மத்திய வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டு வந்தது. முதலில் 2.5 புள்ளி, ஜூலையில் இன்னும் 2 புள்ளி. ஆக, உயர்ந்த வட்டி கிடைத்த காலம் ஏறத்தாழ ஒன்றே கால் வருடம்தான். அந்த ஒன்றே கால் வருடத்தில் உங்கள் காசு எங்கே, என்ன தவணையில் கட்டப்பட்டிருந்தது என்பதுதான் பிறகு வந்த நிலையைத் தீர்மானித்தது.

3. சரி, 2022 தை மாசம் பத்து இலட்சம் ஒரு வருச வைப்பில போட்டு, ஒவ்வொரு வருசமும் புதுப்பிச்ச ஆளுக்கு என்ன நிலை?

முதல் வருடம் வட்டி 7% என்று எடுப்போம். 2022 முடிவில் கையில் 10.70 இலட்சம். அதே சாமான்களுக்குத் தேவை 15.72 இலட்சம். பத்து இலட்சத்தின் வாங்கும் சக்தியில் 68% மட்டும் மிஞ்சியது.

2023 தொடக்கத்தில் 25%க்குப் புதுப்பித்தார். 5% முற்பண வருமான வரி கழிந்து வருட முடிவில் 13.24 இலட்சம். அந்த வருடப் பணவீக்கம் 4.0%, தேவை 16.35 இலட்சம். வாங்கும் சக்தி 81%. 2024இல் 10%க்குப் புதுப்பித்தால் வரி போக 14.50 இலட்சம். 2024 டிசம்பரில் விலைகள் முந்தைய டிசம்பரை விட 1.7% குறைந்திருந்தன, தேவை 16.07 இலட்சம். வாங்கும் சக்தி 90%.

எந்தத் தவறும் செய்யாத, ஒரு சதம்கூட எடுக்காத சேமிப்பாளர் மூன்று வருடத்துக்குப் பிறகும் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே நிற்கிறார். இடையில் மகளின் கலியாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ 2022 முடிவில் காசை எடுத்தவருக்கு 68%தான் கிடைத்தது. அவருக்கு அந்த நட்டம் நிரந்தரம். நெருக்கடியில் உண்மையாகவே அடிபட்டவர்கள், அந்த ஒரு வருடத்துக்குள் காசு தேவைப்பட்டவர்கள்தான்.

4. நான் 2021 ஆடியில மூண்டு வருசத்துக்கு 8 வீதத்தில கட்டிப் போட்டிட்டன். உடைச்சா வட்டி வெட்டுவம் எண்டு வங்கியில சொன்னவை. உடைச்சிருக்கலாமோ?

உடைத்திருக்க வேண்டும். வெட்டு எவ்வளவு, அதை எத்தனை மாதத்தில் மீட்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 இலட்சம், ஒரு வருடம் முடிந்து 2022 ஜூலையில் உடைக்கிறீர்கள். வங்கி 8%க்குப் பதில் 4% தருகிறது, 8% வட்டியை நீங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், முதல் தொகையில் வெட்டு 40,000 ரூபாய். மிஞ்சும் 9.60 இலட்சத்தை 20%க்குப் போட்டால் வருடத்துக்கு 1,92,000. பழைய வைப்பில் இருந்தால் 80,000. வித்தியாசம் 1,12,000, மாதத்துக்கு 9,300 அளவில். நாலரை மாதத்துக்குள் வெட்டு மீண்டுவிடும்.

வங்கியில் கேட்க வேண்டியது இரண்டு. முதலாவது, இதுவரை போன காலத்துக்கு என்ன வீதம் தருவார்கள்? இரண்டாவது, ஏற்கெனவே மாத வட்டி எடுத்திருந்தால், கூடுதலாக எடுத்ததை முதல் தொகையில் இருந்து கழிப்பார்களா? இரண்டாவதைக் கேட்காமல் போனவர்கள் முதல் குறைந்து வந்ததைப் பார்த்து அதிர்ந்துபோனார்கள். அவசரத்துக்கு உடைக்காமல் வைப்பின் மேல் கடன் எடுக்கும் வழியும் உண்டு. ஆனால் அதற்கு வைப்பு வட்டியை விடக் கூடுதலாக வட்டி கட்டவேண்டும், சில மாதத் தேவைக்கு மட்டுமே அது பொருந்தும்.

5. நாங்க வட்டியில சீவிக்கிற ஆக்கள். 2023இல மாதம் அறுபதாயிரம் வந்தது, இப்ப இருபதாயிரம் கூட இல்லை. வங்கிக்காரர் ஏமாத்துறாங்களோ?

வங்கி ஏமாற்றவில்லை. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் இதை உங்களுக்கு முன்கூட்டி யாரும் விளக்கவில்லை. 30 இலட்சம் வைப்பு என்று எடுத்தால் 2022 தொடக்கத்தில் 7%க்கு மாதம் 17,500. உச்சத்தில் 24%க்கு 60,000. 2024 முடிவில் 8%க்கு 20,000. பழைய 17,500க்குச் சமமாகச் சீவிக்க அப்போது 28,000 வேண்டும்.

24% வந்த மாதங்களில் அந்த 60,000 முழுவதும் வட்டி அல்ல. அதில் பெரும்பகுதி, விலையேற்றத்தில் கரைந்துபோன உங்கள் முதல் திரும்பி வந்த வடிவம். பழைய வாழ்க்கைத் தரத்துக்கு மாதம் 27,500 எடுத்துவிட்டு மிச்சம் 32,500ஐத் திரும்ப வைப்பில் சேர்த்திருந்தால், வருட முடிவில் முதல் 33.9 இலட்சமாகியிருக்கும், 8%க்கும் மாதம் 22,600 வந்திருக்கும். முழுவதையும் செலவழித்தவர்களைக் குறைசொல்ல மனமில்லை. மருந்து விலையும் காஸ் விலையும் ஏறிய நேரத்தில் வந்த காசைச் செலவழித்தார்கள்.

60 வயது கடந்தவர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. 15 இலட்சம் வரையான வைப்புக்கு 15% தந்த விசேட வட்டித் திட்டம் 2022 அக்டோபருடன் நிறுத்தப்பட்டது. சந்தை வட்டி அதைவிட உயரத்தில் இருந்ததால் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை, 2024இல்தான் உறைத்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 10 இலட்சம் வரை சந்தை வட்டிக்கு மேல் 3% தரும் புதிய திட்டம் அறிவிக்கப்பட்டது. வயதான பெற்றோரின் வைப்பு அதில் பதியப்பட்டிருக்கிறதா என்று கிளையில் நேரில் கேளுங்கள்.

6. திறைசேரி உண்டியல் வாங்கினவை நல்லா உழைச்சவை எண்டு எல்லாரும் சொல்லுறாங்க. அது என்ன, எப்பிடி வாங்குறது?

வெளிநாட்டுக் காசு அனுப்பும் உண்டியல் வேறு, இது வேறு. அரசு 91, 182, 364 நாட்களுக்குக் கடன் வாங்கும் பத்திரம் இது. வட்டி தனியாக வராது. கழிவில் வாங்கி, முடிவில் முழுத் தொகையைப் பெறுவீர்கள். 30% வீதத்தில் 364 நாள் உண்டியல் என்றால் ஏறத்தாழ 77,000 கட்டி, முடிவில் 1,00,000 எடுப்பீர்கள். வட்டி தனியாக வராததால் "எனக்கு வட்டியே போடேல்லை" என்று முதல் தடவை வாங்கியவர்கள் பதறுவது வழக்கம்.

மத்திய வங்கி புதன்கிழமைகளில் ஏலம் நடத்தும். தனியாள் வங்கி அல்லது முதனிலை வணிகர் (இந்தப் பத்திரங்களை ஏலத்தில் வாங்கி விற்க அனுமதி பெற்ற நிறுவனம்) ஊடாக வாங்கலாம். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம் கொடுத்துப் பதிந்தால், லங்கா செக்குயர் என்னும் மத்திய வங்கிப் பதிவேட்டில் உங்கள் பெயரில் கணக்கு திறக்கப்படும். கையில் தாள் வராது, பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பதுதான் உடைமை. ஆகவே விற்றவர் தந்த சீட்டோடு நின்றுவிடாமல், லங்கா செக்குயர் கூற்று வருகிறதா என்று பாருங்கள். அந்த வார ஏல வீதம் மத்திய வங்கி இணையத்தளத்தில் வெளியாகும். உங்களுக்குச் சொல்லும் வீதம் அதைவிட எவ்வளவு குறைவு என்று பார்த்துவிட்டு இன்னொரு இடத்திலும் விசாரியுங்கள்.

7. பணவீக்கம் 70, உண்டியல் வட்டி 30. அப்ப 40 வீதம் நட்டம் எண்டுதானே விட்டனான்? இப்ப எல்லாரும் லாபம் எண்டுறாங்க.

இந்த ஒரு கணக்குப் பிழையால் ஒதுங்கி நின்றவர்கள் ஏராளம். 2022 செப்டம்பரில் சொன்ன 69.8%, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் விலை ஏறிய அளவு. அன்று வாங்கும் உண்டியலின் 30%, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு வரப்போகிற வட்டி. முடிந்த வருடத்தின் விலையேற்றத்தை வரப்போகும் வருடத்தின் வட்டியில் கழிக்க முடியாது.

வந்த வருடத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் 10 இலட்சம் போட்டவருக்கு 2023 செப்டம்பரில் 13 இலட்சம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் விலை ஏறியது 1.3%. வரிக்கு முன் உண்மையான இலாபம் 28% அளவில். ஒரு தலைமுறையில் சாதாரண சேமிப்பாளருக்குக் கிடைத்த மிகப் பெரிய உண்மை வட்டி, பணவீக்க எண் மிகப் பயமாகத் தெரிந்த மாதத்தில்தான் கிடைத்தது.

அன்று இது நிச்சயமாகத் தெரிந்த விடயமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அரசு உள்நாட்டுக் கடனையும் வெட்டுமோ என்ற பயம் உண்மையானது. 30% வட்டி வந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். அந்த ஆபத்தைச் சுமந்தவர்களுக்குத்தான் அந்த வட்டி போனது.

8. பிறகு கடன் மறுசீரமைப்பு எண்டு அஞ்சு நாள் வங்கியைப் பூட்டினவங்கள்தானே. எங்கட வைப்பில கை வச்சாங்களா?

இல்லை. 2023 ஜூன் 30 விசேட வங்கி விடுமுறையாக அறிவிக்கப்பட்டு, முன்னும் பின்னும் வந்த விடுமுறைகள், வாரஇறுதியோடு சேர்ந்து ஐந்து நாள் பூட்டு. அரசு தன் உள்நாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் விதத்தை மாற்றும் அறிவிப்பு வந்தபோது பொதுமக்களின் வங்கி வைப்புகள் தொடப்படவில்லை. தனியாட்களிடம் இருந்த திறைசேரி உண்டியல்களும் முறிகளும் (அரசு நீண்ட காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரங்கள்) தொடப்படவில்லை.

தொடப்பட்டவை: மத்திய வங்கியிடம் இருந்த உண்டியல்கள், உள்நாட்டில் டொலரில் விற்கப்பட்ட இலங்கை அபிவிருத்தி முறிகள், ஓய்வுகால நிதியங்களிடம் இருந்த திறைசேரி முறிகள். மூன்றாவதில் நீங்களும் இருக்கிறீர்கள், அடுத்த பதிலைப் பாருங்கள். கூடுதல் வட்டிக்காக அபிவிருத்தி முறியில் டொலரைப் போட்ட சிலருக்குச் சொன்ன திகதியில் டொலர் திரும்பக் கிடைக்கவில்லை. அரசு முறி என்பதால் முழுப் பாதுகாப்பு என்ற நம்பிக்கை டொலர் முறிக்குப் பொருந்தாது. அரசால் ரூபாயை அச்சிட முடியும், டொலரை அச்சிட முடியாது.

9. நான் தனியார் கம்பனியில வேலை. என்ட ஈபிஎஃப்ல எவ்வளவு போனது?

தொகை குறையவில்லை, வளர்ச்சிதான் பறிபோனது. 2022க்கு ஈபிஎஃப் என்னும் ஊழியர் சேமலாப நிதியம் கொடுத்த வட்டி 9%, 2023க்கு 13%. 2021 முடிவில் 10 இலட்சம் இருந்தால் 2023 முடிவில் 12.32 இலட்சம். 3ஆவது பதிலில் பார்த்தபடி அப்போது தேவை 16.35 இலட்சம். ஆக 75%. அதே நாளில் வைப்பைப் புதுப்பித்துக்கொண்டு வந்தவரிடம் 81% இருந்தது.

ஏன் குறைவு? நிதியத்தின் காசில் மிகப் பெரும்பகுதி பழைய, குறைந்த வட்டி நீண்டகாலத் திறைசேரி முறிகளில் கட்டுண்டு கிடந்தது. 4ஆவது கேள்வி கேட்டவர் வைப்பை உடைத்து மாறலாம், நிதியத்தால் முடியவில்லை. அதன் மேல் மறுசீரமைப்பு வந்தது. பழைய முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12%, அதன்பின் முதிர்வு வரை 9% தரும் புதிய முறிகளை வாங்கவேண்டும், மறுத்தால் முறி வருமானத்துக்கு 14%க்குப் பதில் 30% வரி. நிதியம் ஏற்றுக்கொண்டது, 2023 செப்டம்பரில் மாற்றம் முடிந்தது.

உறுப்பினருக்குக் குறைந்தது 9% கிடைக்கும் என்று அரசு உறுதி சொன்னது. ஆனால் சந்தையில் வட்டி அதைவிட உயரத்தில் ஓடிய காலத்தில், கேட்டுச் சம்மதம் வாங்காமல், தொழிலாளரின் கட்டாயச் சேமிப்பில் சுமை ஏற்றப்பட்டது. உண்டியல் வாங்கும் வசதி இருந்தவர் 28% உழைத்த அதே வருடத்தில், தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நின்றவரின் 8% சந்தாவும் முதலாளியின் 12% சந்தாவும் பின்னுக்குப் போயின. இந்த நெருக்கடியில் மிக அநியாயமான பங்கீடு இதுதான் என்பது எங்கள் கருத்து.

10. பங்குச் சந்தை 2022இல விழுந்துது, பிறகு ஏறீட்டுது எண்டுறாங்க. விடாமப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர் வெண்டாரா?

எப்போது வாங்கினார் என்பதைப் பொறுத்தது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 முடிவில் 12,226, 2022 முடிவில் 8,489, 2023 முடிவில் 10,654, 2024 முடிவில் 15,944. 2021 முடிவில் வாங்கி மூன்று வருடம் பிடித்தவருக்கு 30% ஏற்றம். விலைகளோ 60%க்கு மேல் ஏறின. பங்கிலாபத்தைச் சேர்க்காமல் பார்த்தால் வாங்கும் சக்தி 81%. 2022 முடிவில் வாங்கியவருக்கோ இரண்டு வருடத்தில் 88% ஏற்றம், அந்த இரண்டு வருட விலையேற்றம் வெறும் 2% அளவில்.

2021இல் வீட்டிலிருந்தபடி கணக்குத் திறந்து புதிதாக வந்தவர்கள் ஏராளம். அவர்களில் தரகரிடம் கடன் வசதி எடுத்து வாங்கியவர்கள்தான் முற்றாக அடிபட்டார்கள். விலை விழுந்ததும் மேலதிகப் பணம் கட்டச் சொல்வார்கள், கட்டாவிட்டால் பங்கை விற்றுவிடுவார்கள். விற்ற பிறகு சந்தை 15,944க்கு ஏறினாலும் அவருக்கு ஒன்றுமில்லை. 2022 ஏப்ரல் 18இலிருந்து ஒரு வாரம் சந்தை பூட்டப்பட்டிருந்தது. விற்றுக் காசாக்கவேண்டிய ஆட்களுக்கு அந்த வாரம் வழியே இருக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் தேவைப்படும் காசை அங்கே வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

11. கனடாவில இருந்து தம்பி அனுப்பின டொலரை மாத்தாம வச்சிருந்தன். கெட்டித்தனம்தானே?

பாதிக் கெட்டித்தனம். 2021 முடிவில் 200, 2024 முடிவில் 293 அளவில். ரூபாய்க் கணக்கில் 46% கூடியது, விலைகள் 60%க்கு மேல். வட்டியில்லாமல் வைத்திருந்தால் வாங்கும் சக்தி 91%. வெளிநாட்டு நாணய வைப்பில் வட்டியோடு வைத்திருந்தவர் ஏறத்தாழ சமமாக நின்றார். 3ஆவது பதிலில் வந்த 14.50 இலட்சத்தை 293ஆல் வகுத்துப் பாருங்கள், 4,950 டொலர் அளவில் வரும். தொடக்கத்தில் அவரிடம் இருந்த 10 இலட்சமும் கிட்டத்தட்ட 5,000 டொலர்தான். வைப்பைப் புதுப்பித்துக்கொண்டே போனவரும் டொலரைப் பூட்டி வைத்தவரும் கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

டொலரின் உண்மையான பயன் 2022 நடுவில் இருந்தது. அன்று காசு தேவைப்பட்டவர் 360க்கு மாற்றினார், வைப்பு வைத்திருந்தவருக்கு அந்த வழி இல்லை. மறுபக்கம், பயத்தில் 360க்கு டொலர் வாங்கியவர் 2024 முடிவில் 293க்கு நின்றார். 19% அளவில் போனது, இடையில் கிடைத்திருக்கக்கூடிய 25% வட்டியும் போனது.

12. அம்மாவின்ட பத்துப் பவுண் தங்கம் இருந்தது. அதுதான் எல்லாத்தையும் விட நல்லம் எண்டு அவ சொல்லுறா.

அம்மா சொல்வது கணக்குக்குச் சரி. உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 2021 முடிவில் 1,829 டொலர், 2024 முடிவில் 2,624 அளவில். டொலரும் ஏறியதால் ரூபாயில் இரண்டு மடங்குக்கு மேல். விலையேற்றத்தைக் கழித்தாலும் 30% கூடுதல். இது சொக்கத் தங்கக் கணக்கு. நகையாக வாங்கியிருந்தால் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது.

தங்கம் நன்றாக ஓடிய அதே காலத்தில் அதை இழந்த குடும்பங்களும் அதிகம். 2022இல் அடகு வைத்து, வட்டி ஏறி, மீட்க முடியாமல் ஏலத்தில் போனது. அடகுச் சீட்டில் இரண்டு இடங்களைப் பாருங்கள்: முடிவுத் திகதி, வட்டி வீதம். தங்க விலை ஏறியிருந்தால், மீட்கக் காசில்லாவிட்டாலும் ஏலத்துக்கு முன் ஒரு பகுதியை விற்று மிச்சத்தை மீட்பது எப்போதும் நல்லது. உதாரணத்துக்கு, பத்துப் பவுணில் மூன்று பவுணை விற்று மற்ற ஏழு பவுணையும் மீட்கலாம். ஏலம் வரை விட்டால் பத்தும் போய்விடும்.

13. ஆயுள் காப்புறுதி ஒண்டு இருபது வருசத்துக்குக் கட்டுறன். 2030இல பத்து இலட்சம் வரும். அதுக்கு ஒண்டுமில்லைத்தானே?

பத்து இலட்சம் வரும், ஆனால் 2024 முடிவிலேயே அந்தப் பத்து இலட்சத்தின் மதிப்பு 2021இன் 6.2 இலட்சத்துக்குத்தான் சமம். பாதியில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் தொகை (சரண் பெறுமதி) மிகக் குறைவாக இருக்கும் என்பதால் அவசரப்பட்டு நிறுத்தவேண்டாம். இறந்தால் கிடைக்கும் தொகை குடும்பத்துக்கு இன்றைய விலையில் காணுமா என்று பார்த்து, காணாவிட்டால் முதிர்வுத் தொகை இல்லாத, கட்டணம் குறைந்த ஆயுள் காப்பொன்றைத் தனியாக எடுங்கள்.

14. வட்டியில 5 வீதம் வெட்டினாங்க, இப்ப 10 வீதம் வெட்டுறாங்க. எனக்கு வேற வருமானமே இல்லை. அதைத் திருப்பி எடுக்கலாமோ?

எடுக்கலாம். 2023 ஜனவரியிலிருந்து 5%, 2025 ஏப்ரலிலிருந்து 10% முற்பண வருமான வரியாகக் கழிக்கப்படுகிறது. பெயரே சொல்வதுபோல் அது முற்பணம், முடிவான வரி அல்ல. 2025 ஏப்ரலிலிருந்து வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர், டின் எனப்படும் வரி செலுத்துநர் இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும்.

பழைய வருடங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அப்போது விலக்கு 12 இலட்சம். 50 இலட்சத்தை 25%க்குப் போட்டவருக்கு ஒரு வரி வருடத்தில் 12.5 இலட்சம் வட்டி. விலக்கைத் தாண்டிய 50,000க்கு 6%, அதாவது 3,000 ரூபாய்தான் வரி. வங்கி கழித்ததோ 62,500. மிச்சம் 59,500ஐ வருமான வரி விபரத்திரட்டு சமர்ப்பித்துத்தான் கேட்கமுடியும். வங்கி தரும் கழிப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நடக்காது, அதை முதலில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

15. இப்ப வங்கியில 8 வீதம்தான். நிதிக் கம்பனியில கூடத் தாறாங்க. இன்னொருத்தர் மாதம் 10 வீதம் எண்டுறார். மாத்தட்டோ?

இரண்டும் வேறுவேறு விடயங்கள். மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் உள்ள நிதிக் கம்பனி என்றால், வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரை உண்டு. அந்த எல்லைக்குள், வட்டியும் சேர்ந்து 11 இலட்சத்தைத் தாண்டாதபடி பிரித்துப் போடுங்கள். அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை மத்திய வங்கி இணையத்தளப் பட்டியலில் பாருங்கள், கடைப் பலகையில் அல்ல.

மாதம் 10% என்பவரிடம் போகவேண்டாம். ஆள் சேர்த்தால் காசு என்பது வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவில் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம். 24% பழகிய கைகளுக்கு 8% கைப்பதில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். 7ஆவது பதிலில் செய்த கணக்கை இங்கும் செய்யுங்கள். 2024இல் 10% வட்டி, விலைகளோ 1.7% குறைந்தன. அந்த 10%, 3ஆவது பதிலில் 2022இல் வைப்புக்கு வந்த 7%ஐ விட உங்களுக்கு எவ்வளவோ அதிகம் தந்தது.

16. என்ட காசுக்கு நானே இந்தக் கணக்கைப் போட ஏலுமோ?

ஏலும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வெளியிடுகிறது. காசு போட்ட மாதத்தின் சுட்டெண், எடுத்த மாதத்தின் சுட்டெண் இரண்டையும் எடுங்கள். பின்னதை முன்னதால் வகுத்தால் விலை எத்தனை மடங்கு ஆனது என்று வரும். உங்கள் கையில் வந்த நிகரத் தொகையை, அதாவது வரி, தரகு கழித்ததை, அந்த எண்ணால் வகுங்கள். போட்ட தொகையை விடக் கூடினால் இலாபம், குறைந்தால் நட்டம். இடையில் எடுத்துச் செலவழித்த வட்டியையும் அந்தந்த மாதச் சுட்டெண்ணால் வகுத்துச் சேர்க்கவேண்டும்.

பலர் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. 2023 தொடக்கத்தில் சுட்டெண்ணின் அடிப்படை 2013இலிருந்து 2021க்கு மாற்றப்பட்டது. ஒரே மாதத்துக்கே இரண்டு எண்கள் இருக்கும்: 2023 ஜனவரிப் பணவீக்கம் பழைய அடிப்படையில் 54.2%, புதியதில் 51.7%. மேலே நாங்கள் எடுத்த 57.2% பழைய அடிப்படையில் வந்தது, ஆகவே எங்கள் விடைகளிலும் இரண்டு புள்ளி அளவு அங்கேயிங்கே இருக்கலாம். பழைய தொடரில் ஒரு மாதத்தையும் புதிய தொடரில் இன்னொரு மாதத்தையும் எடுத்து வகுத்தால், விலை குறைந்துவிட்டது போன்ற விடைகூட வரும். இரண்டு எண்ணும் ஒரே அடிப்படை வருடத்தினதா என்று அட்டவணையின் தலைப்பில் பார்த்துவிட்டு வகுங்கள்.